குடியேறிய திகதி

படிவத்தின் ஏழாவது கூட்டில் 'குடியேறிய திகதி' என்று அச்சடித்திருந்தது. பெரியப்பா கண்ணாடியைச் சாரத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, நடுங்கும் கையால் தன்னுடைய பிறந்த திகதியை அதில் எழுதினார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் நல்ல பிள்ளை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"ஐயா, இது பிறந்த திகதி இல்லை. இங்க வந்து குடியேறின திகதி."

"நான் எங்க பிள்ளை வந்தது? இங்கதானே பிறந்தனான்."

"84இல போனீங்கள்தானே?"

"போகேல்லை. கலைச்சவங்கள்."

"கலைச்சதுக்குக் கூடு இல்லை ஐயா. திரும்பி வந்தது எப்ப? 2012 எண்டால் 2012 எண்டு போடுங்கோ."

போட்டார். அன்றிலிருந்து அரச பதிவேட்டின்படி பெரியப்பா தன் சொந்த வளவுக்கு 2012இல் வந்து சேர்ந்த ஒரு புது ஆள். வளவின் மூலையில் நிற்கிற புளி அவருடைய அப்பாவை விட மூத்தது. அது எப்போது குடியேறியது என்று யாரும் கேட்கவில்லை. மரங்களுக்கு வேறு திணைக்களம்.

வீட்டுக்கு வந்து பின்னேரத் தேத்தண்ணியோடு அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தேன். சின்ன வயதில் இலக்கணம் படிப்பித்த வாத்தியார் ஓடு–ஓட்டு, திருந்து–திருத்து, ஏறு–ஏற்று என்று தன்வினையும் பிறவினையும் சொல்லித் தந்தவர். 'குடியேறு' என்றால் நீயாகப் போவது. 'குடியேற்று' என்றால் உன்னை இன்னொருவன் ஏற்றுவது, மூட்டையை மெசினில் ஏற்றுகிற மாதிரி. ஆனால் அரச அறிக்கைகள் இந்த இரண்டையும் தொடுவதில்லை. அவற்றுக்குப் பிடித்தது மூன்றாவது: 'குடியேற்றப்பட்டனர்'. ஏற்றியது யார் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத வசதியான வினை. எந்த இடத்தில், யாருடைய காணியில், யாரைக் கலைத்த பிறகு என்பதும் வேண்டாம். இருந்தாலும் தமிழ் தன் குணத்தைக் காட்டித்தான் விடுகிறது. அந்த வாக்கியம் முழுவதிலும் உண்மை சொல்கிற ஒரே உறுப்பு அந்தப் 'பட்டனர்'தான். பட்டார்கள்.

சொல் பிறக்கும்போது இப்படிப் பிறக்கவில்லை. குடி என்றால் குடும்பம், ஊர், வாழ்கிற சனம். ஒருவனைத் திட்டுவதற்கு 'குடிகெடுப்பான்' என்பதை விடப் பெரிய சொல் எங்கள் கிழவிகளிடம் இருந்ததில்லை. வன்னியில் குடியேறுவது என்றால் காட்டை வெட்டி, எரித்து, பள்ளம் பார்த்து அணை கட்டி, தண்ணீரைத் தேக்கிய பிறகு ஒரு கொட்டில் போடுவது. ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். குளம், மோட்டை, கேணி, மடு, முறிப்பு. முதலில் தண்ணீருக்குப் பெயர், பிறகுதான் ஆளுக்கு. புதுக்குடியிருப்பு என்று ஒரு பட்டினமே இருக்கிறது. யார், எப்போது புதிதாகக் குடியிருந்தார்கள் என்பது மறந்துபோகிற அளவுக்கு அந்தப் 'புது' பழசாகிவிட்டது. சண்டை போடாமல் பழசாகிற பாக்கியம் ஒருகாலத்தில் குடியேற்றங்களுக்கு இருந்தது.

கிளிநொச்சியும் குடியேற்றம்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் காணியும் வேலையும் போதாமல் நெருக்குப்பட்ட சனத்துக்காக இரணைமடுத் தண்ணீரை நம்பி 1936இல் தொடங்கிய குடியேற்றத் திட்டம் அது. நுளம்பு கடித்து, மலேரியாவில் கிடந்து, யானைக்குத் தீப்பந்தம் காட்டி வயலாக்கினார்கள். பிறகு படித்த வாலிபர் திட்டம் என்று விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் காணி கொடுத்தார்கள். எழுபதுகளில் சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியைப் பூட்டிவைத்தது. செத்தல் மிளகாய் விற்ற காசில் பெடியள் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள், கலியாணம் கட்டினார்கள். அங்கே யாரும் வீட்டை விட்டு ஓடவில்லை. ஆகவே சொல்லில் குற்றம் இல்லை. அதை யார் கையில் எடுத்தார்கள் என்பதில்தான் விஷயம்.

1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. சுதந்திரம் கிடைத்த கையோடு டி.எஸ். சேனநாயக்க கல்லோயாவில் கை வைத்தார். வடகிழக்கின் விளிம்பில் பதவியா வந்தது. குளம் கட்டுவது நல்ல காரியம். கட்டிய குளத்தின் கீழே யாருக்குக் காணி என்று வரும்போதுதான் அந்த நல்ல காரியத்துக்குக் கணக்கு வாத்தியார் ஒருவர் வந்து சேர்ந்தார். 1957 யூலையில் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தத்தில், குடியேற்றத் திட்டங்களுக்கு ஆட்களைத் தெரிகிற அதிகாரம் பிரதேச சபைகளுக்கு என்று இருந்தது. 1958 ஏப்ரலில் பண்டாரநாயக்கவின் ரோஸ்மீட் பிளேஸ் வீட்டு முற்றத்தில் பிக்குகள் வந்து குந்திக்கொண்டார்கள். பிரதமர் வெளியே வந்து ஒப்பந்தத்தைக் கிழித்தார். நாடளாவிய குடியேற்றக் கொள்கையை ஒரு பின்னேரத்தில் முடித்துவைத்தது அந்த முற்றத்துக் குடியேற்றம். 1965இல் டட்லி சேனநாயக்க இன்னொரு ஒப்பந்தம் எழுதினார். முதலில் அந்தந்த மாவட்டத்தில் காணியில்லாதவர்கள், பிறகு வடகிழக்குத் தமிழ் பேசும் மக்கள், அதன் பிறகு மற்றவர்கள் என்று வரிசையெல்லாம் போட்டிருந்தது. அதைக் கிழிக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. லாச்சிக்குள் கிடந்தே உக்கியது.

பிறகு மணலாறு.

முல்லைத்தீவின் தெற்கே, அறுபதுகளில் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த பண்ணைகள் இருந்தன. கென்ற் பாம், டொலர் பாம் என்று வாயில் நுழையாத பெயர்களோடு. 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த தொழிலாளர் குடும்பங்களைக் காந்தியம் அமைப்பு வவுனியாப் பக்கக் காடுகளிலும் இந்தப் பண்ணைகளிலும் இருத்தியது. அதுவும் குடியேற்றம்தான், ஆனால் அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் வேறு. அமைப்பை நடத்திய கட்டடக்கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் 1983இல் கைதானார்கள். இராஜசுந்தரம் யூலையில் வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டார். அகதிகளைக் குடியமர்த்தியவர் சிறைக்குப் போனார். அடுத்த வருடம் அகதிகளைக் கலைத்துவிட்டு, சிறையிலிருந்து கைதிகளை எடுத்து வந்து அதே பண்ணைகளில் குடும்பத்தோடு குடியமர்த்தினார்கள். திறந்தவெளிச் சிறையாம். உலகத்தில் எத்தனையோ நாடுகள் கைதிகளை வைத்து நிலம் பிடித்திருக்கின்றன. அவுஸ்திரேலியாவே அப்படித்தான். ஆனால் வெள்ளைக்காரன் கப்பலேறிப் பல மாதம் போக வேண்டியிருந்தது. நாங்கள் பஸ்ஸிலேயே முடித்தோம்.

1984 நவம்பர் 30 விடியற்புறம் புலிகள் அந்த இரண்டு பண்ணைகளுக்குள்ளும் புகுந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். திட்டம் போட்டவர்கள் யாரும் அதில் இருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து இராணுவம் ஒதியமலையில் முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ் ஆண்களைக் கொன்றது. அவர்களும் திட்டம் போடவில்லை. அந்த மார்கழியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனத்தை ஊரை விட்டு எழும்பச் சொன்னார்கள். 24 மணித்தியாலம். அடுப்பில் இருந்த பானையை இறக்கி வைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வர ஏறத்தாழ 27 வருடம் எடுத்தது.

இதெல்லாம் தற்செயல், பாதுகாப்புத் தேவை, யுத்தத்தின் பக்கவிளைவு என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்கிற சிரமத்தை மாலிங்க குணரத்ன எங்களுக்கு மிச்சம் பிடித்துத் தந்தார். மகாவலி அதிகாரசபையில் இருந்தவர். வடக்கையும் கிழக்கையும் தொடுகிற இடங்களில் சிங்களவரைக் குடியேற்றி அந்தத் தொடர்ச்சியை அறுப்பது எப்படி என்று கூடிப் பேசியதையும் செய்ததையும் 1988இல் ஆங்கிலத்தில் புத்தகமாகவே போட்டுவிட்டார். மறைத்துச் செய்வதை எங்கள் ஆட்கள் சதி என்பார்கள். நூலாக்கி வெளியிட்டதை என்னவென்று சொல்வது? கொள்கை விளக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

அதே 1988இல் வர்த்தமானியில் மணலாறு வெலிஓயா ஆனது. வெலி என்றால் மணல், ஓயா என்றால் ஆறு. இவ்வளவு விசுவாசமான மொழிபெயர்ப்பாளர்களை நான் இலக்கியத்தில்கூடக் கண்டதில்லை. ஆமையன்குளம் கிரிஇப்பன்வெவ ஆனது. அதிலும் இப்பா என்றால் ஆமை. குளத்தை எடுத்தார்கள், வயலை எடுத்தார்கள், வாய்க்காலை எடுத்தார்கள், ஆமையை மட்டும் ஆமையாகவே விட்டார்கள். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது எங்கள் பழமொழி. ஆமை ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. அமீனாதான் புதிது. மொழிபெயர்ப்புக்கும் இடம்பெயர்வுக்கும் வேர் ஒன்றுதான் என்று தெரியும். ஒன்று மற்றதற்கு வேலையாளாகப் போகும் என்று அந்த வாத்தியார் சொல்லித் தரவில்லை.

இந்த மண்ணில் இருத்தப்பட்ட சிங்களக் குடும்பங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நானும் அந்தக் கணக்கு வாத்தியாருக்குச் சொந்தக்காரன். அவர்கள் காணியில்லாத ஏழைகள். கையில் ஒரு மண்வெட்டியும் தோளில் ஊர்காவல் துவக்கும் கொடுத்து, இரண்டு படைகளுக்கு நடுவே எல்லைக்கல்லாக நட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். கல்லுக்கு உயிர் இருந்ததுதான் பிசகு. அவர்களுக்கும் வாக்கியம் அதே வாக்கியம்தான். குடியேற்றப்பட்டனர்.

எங்களுக்கு 2009க்குப் பிறகு அந்தச் சொல்லை ஒரு முன்னொட்டுப் பூட்டித் தந்தார்கள். 'மீள்'. மீள்குடியேற்றம். மீள்வது என்றால் திரும்பி வருவது, தப்பி வருவது. கேட்கச் சங்கீதமாக இருக்கிறது. அதற்கு முந்திய கட்டத்தின் பெயர் நலன்புரி நிலையம். செட்டிகுளம் மெனிக்பாமில் முட்கம்பிக்குள் எங்களை அடைத்து, வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பெரிய மனிதர்கள் உயிரோடு இருந்த காலத்தில் வன்னிச் சனத்தை வாசலுக்குள் விட்டிருப்பார்களோ தெரியாது. செத்த பிறகு இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தை அவர்களும் மற்ற முகாம்களும் பங்குபோட்டு வைத்திருக்க வேண்டி வந்தது. இராமநாதனில் தண்ணீர் வரவில்லை, அருணாசலத்தில் மலசலகூடம் நிரம்பி வழிகிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். தமிழ்த் தலைமையைப் பற்றி அவ்வளவு துல்லியமான அரசியல் விமர்சனத்தை நான் பிறகு எங்கேயும் கேட்கவில்லை.

2012 செப்டெம்பரில் மெனிக்பாமை மூடினார்கள். மீள்குடியேற்றம் பூரணம் என்று அறிவிப்பு. கடைசியாகப் பஸ் ஏறியவர்கள் முல்லைத்தீவு கேப்பாப்பிலவுச் சனம். வாசலில் கொடி பிடித்து அனுப்பிய பஸ் கேப்பாப்பிலவுக்குப் போகவில்லை. அங்கே வீடும் வயலும் இருந்த இடத்தில் படைத் தலைமையகம் இருந்தது. சீனியாமோட்டைக் காட்டைச் சிரைத்த வெளியில் இறக்கினார்கள். மரமில்லை, நிழலில்லை. தகரம் கொடுத்தார்கள், தரப்பாள் கொடுத்தார்கள். மீண்டதாகக் கணக்கெழுதினார்கள். அந்த இடத்துக்கு வைத்த பெயர் மாதிரிக் கிராமம். பெயர் சரிதான். கிராமம் மாதிரி.

2017இல் பிலவுக்குடியிருப்புப் பெண்கள் விமானப்படை முகாமின் வாசலில் பிள்ளைகளோடு படுத்துக் கிடந்தார்கள். பனி, வெயில், நுளம்பு. ஒரு மாதத்தில் அந்தத் துண்டு காணி விடுபட்டது. இலங்கையின் குடியேற்ற வரலாற்றில் தன்வினை நடந்த அபூர்வமான சந்தர்ப்பம் அது. குடியேற்றப்படவில்லை. குடியேறினார்கள். அதைப் பார்த்துக் கேப்பாப்பிலவு வாசலிலும் கொட்டில் போட்டார்கள். துண்டு துண்டாகக் கொஞ்சம் விடுபட்டது. தலைமையகம் மட்டும் அசையவில்லை. குடியேறினால் அப்படிக் குடியேற வேண்டும்.

உண்மையில் யுத்தத்துக்குப் பிறகு வன்னியில் வெற்றிகரமாகக் குடியேறியவை திணைக்களங்கள். ஆளைக் கலைத்தால் வயல் காடாகும், அது விவசாயம். அந்தக் காட்டுக்கு எல்லைக்கல் போட்டால் அது வனப் பாதுகாப்பு. உறுதியைத் தூக்கிக்கொண்டு போனால், "ஐயா, வரைபடத்தில் காடு" என்பார்கள். காணிப் பத்திரத்துக்கு உறுதி என்று பெயர் வைத்த எங்கள் முன்னோர்களின் நம்பிக்கையை நினைத்தால் அழுகை வரும். வன இலாகா விட்ட இடத்தில் வனசீவராசிகள், அவர்கள் விட்ட இடத்தில் தொல்பொருள். தண்ணிமுறிப்புக்குப் பக்கத்தில் குருந்தூர்மலையில் 2021இல் அகழ்வு தொடங்கியது. நீதிமன்றக் கட்டளைக்குப் பிறகும் விகாரை உயர்ந்தது. வழக்கைக் கேட்ட முல்லைத்தீவு நீதிபதி ரி. சரவணராஜா உயிருக்கு அச்சுறுத்தல் என்று சொல்லி 2023 செப்டெம்பரில் பதவியைத் துறந்து நாட்டை விட்டே போனார். அரண்மனையையும் பெண்சாதி பிள்ளையையும் விட்டு நடந்தவர் கௌதமர். அவருக்கே குடியேற்றத் திட்டம் போட்டு, நீதிபதியைக் குடிபெயர வைத்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிரித்தானியர் காலத்தைக் குடியேற்றவாதம் என்ற தலைப்பில் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். 1840இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். உறுதி காட்டாத காணியெல்லாம் முடிக்குரியது. அந்த அநியாயத்தைப் பிள்ளைகள் ஐந்து புள்ளிக்கு விவரித்து எழுதுகிறார்கள். முடி இறங்கிப் போய்விட்டது. காணி இறங்கவில்லை, 'அரச காணி' என்று பெயர் மாற்றிக்கொண்டு அப்படியே இருந்தது. 2025 மார்ச் 28ஆம் திகதி, ஊழலற்ற, இனவாதமற்ற புதிய அரசாங்கம் வெள்ளைக்காரனின் 1931ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசுதட்டி ஒரு வர்த்தமானி விட்டது. வடக்கில் 5,940 ஏக்கர். முல்லைத்தீவில் மட்டும் 1,700க்கு மேல், கிளிநொச்சியில் 515. மூன்று மாதத்துக்குள் வந்து உரிமையை நிரூபியுங்கள், இல்லாவிட்டால் அரசுடையது. உறுதி முள்ளிவாய்க்கால் பதுங்குகுழிக்குள் புதைந்த சனத்துக்கு, உறுதிக்காரன் கனடாவில் கிடக்கிற வளவுக்கு, மூன்று மாதம். சத்தம் எழும்பியது. யூனில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்ட பிறகுதான் வர்த்தமானியைப் பின்வாங்கினார்கள். பிள்ளைகள் அதே ஐந்து புள்ளியை அப்படியே எழுதலாம். ஆண்டை மட்டும் மாற்றினால் போதும்.

இந்த இடத்தில் கை தட்டுகிற தமிழ் வாசகருக்கும் கொஞ்சம் வைத்திருக்கிறேன். 1977இல் வந்த மலையகச் சனத்தைக் காட்டு ஓரத்தில் இருத்தியபோது எங்கள் பெரியவர்கள் அதை என்னவென்று சொன்னார்கள் தெரியுமா? எல்லை காக்கும் குடியேற்றம். யானைக்கும் ஆமிக்கும் முன்னால் அவர்கள், பின்னால் நாங்கள். வயலில் அரைக் கூலி, வாயில் 'வடக்கத்தியான்'. மூன்று தலைமுறை உழுத காணிக்குப் பெர்மிட் இல்லாத குடும்பங்கள் கிளிநொச்சியில் இன்றும் இருக்கின்றன. அவர்களுக்கு வாய்க்கால் தண்ணீர் கடைசி. அந்தப் பெர்மிட்டுக்காக எந்தக் கட்சி வீதிக்கு இறங்கியது? 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை ஒரு நாளில், இரண்டு நாளில், கையில் கொஞ்சக் காசோடு கலைத்தது இராணுவம் அல்ல, புலிகள். முல்லைத்தீவு முஸ்லிம்களும் போனார்கள். பெருத்த குடும்பங்களோடு திரும்பி வந்து காணி கேட்டபோது, 'முஸ்லிம் குடியேற்றம்' என்று கத்தியவர்களின் தொண்டை எங்களுடையது. எங்கள் மீளலுக்கு 'மீள்' வேண்டும். அவர்கள் மீண்டால் 'மீள்' கழன்றுவிடும். கொழும்பின் அகராதியை நாங்கள் மனப்பாடமே செய்துவிட்டோம்.

இன்னொரு பொருளும் இருக்கிறது, அகராதிக்காரர்கள் கவனிக்க. குடி, ஏற்றம். 2024இல் கொடுத்த மதுபானக் கடை அனுமதிப் பட்டியலை நாடாளுமன்றத்தில் வெளியிட்டபோது கிளிநொச்சியும் அதில் கௌரவமாக இருந்தது. எந்தப் பிரதேச சபையும் தெரிவு செய்யாமல், எந்த ஒப்பந்தமும் கிழிபடாமல், தன் முயற்சியில் முன்னேறுகிற ஒரே குடியேற்றம் அதுதான்.

அன்றைக்குப் பெரியப்பாவின் படிவத்தில் கடைசிப் பக்கம் வரை வந்திருந்தோம். காணியின் பரப்பு, அயல் எல்லை, கிடைத்த உதவி. எல்லாவற்றுக்கும் அந்தப் பிள்ளை பொறுமையாக உதவினாள். கடைசிக்கு முதல் கூட்டில் நீர்ப்பாசனம் எப்படி என்று கேட்டிருந்தது. குளமா, கிணறா, வேறு திட்டமா? பெரியப்பா பேனையை வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்தார்.

"மழை எண்டு போடு பிள்ளை."

மகாவலி 'எல்' வலயம் என்று எங்கள் மணலாற்றுப் பிரதேசத்துக்குப் பெயர் வைத்து நாற்பது வருடம் ஆகப்போகிறது. சனம் வந்தது, முகாம் வந்தது, விகாரை வந்தது. மகாவலித் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை.